மயக்க மருந்து இல்லாம நாய்க்கு பல் கிளீனிங்னு யாராச்சும் சொன்னா காச கட்டிடாதீங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நாய் வளக்கறவங்க கொஞ்சம் படிங்க, நீளமாத்தான் இருக்கும். இங்க வீடு வாங்கி செட்டில் ஆனவங்கள நம்பி பெட் ஸ்பா, பெட் சலூன்னு தெறந்துட்டு இருக்காங்க, அதுல ஒரு எடத்துல எங்க ரோஸிக்கு நடந்தத சொல்றேன். கடை பேரு போடல, கம்ப்ளைண்ட் போயிட்டு இருக்கு.

ரோஸி ஸ்பிட்ஸ், எட்டு வயசு. கொஞ்ச நாளாவே வாய் நாத்தம், கடைவாப் பல்லுல பழுப்பா காரை. சின்ன சைஸ் நாய்ங்களுக்கு பல்லெல்லாம் நெருக்கமா இருக்கறதால இந்தப் பிரச்சனை சீக்கிரமே வந்துடும். ஆனா நாங்க போனது சிக்கு புடிச்ச முடிய எடுக்கறதுக்குத்தான். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு உதட்ட தூக்கிப் பாத்துட்டு "அய்யோ மேடம், பல்லு ரொம்ப மோசம், வயசான நாய்க்கு மயக்கம் குடுத்தா ஹார்ட் நின்னுடும், நம்மகிட்ட மயக்கமே இல்லாம பண்ணிடலாம், அர மணி நேரம்தான்"னு ஆரம்பிச்சிருச்சு. குளியல், ப்ளோ டிரை, புளூபெர்ரி ஃபேஷியல், நகத்துக்கு பாலிஷ், நீலகிரி தைல மசாஜ், பல் கிளீனிங் எல்லாம் சேத்து ராயல் பேக்கேஜ், 4,500 ரூபாய். உள்ள ஆஸ்பத்திரி பச்ச டிரஸ் போட்டு ஒருத்தர், அவர எல்லாரும் "டாக்டர் சார், டாக்டர் சார்"ங்கறாங்க. அப்புறம் யார பாத்து சந்தேகப்படறது?

நம்மள உள்ள விட மாட்டாங்க. ஓனர் பக்கத்துல இருந்தா அடம் புடிக்குமாம். வெளிய உக்காந்திருந்த எனக்கு அவ கத்தறது கேட்டுச்சு, குளிக்கறதுக்கு எப்பவுமே கத்தற நாய்தான், ஆனா இது அந்தக் கத்தல் இல்ல. போய் கதவ தட்டுனா "முடிஞ்சிருச்சு மேடம், ரெண்டே நிமிஷம்"னு பதில். வெளிய வர்றப்ப கழுத்துல பிங்க் ரிப்பன், பல்லு பளபளன்னு வெள்ளை, கிளீனிங்குக்கு முன்னாடி, பின்னாடின்னு எடுத்த போட்டோ வேற வாட்ஸ்அப்புல அனுப்பிட்டாங்க. நெஞ்சு முடில மட்டும் ரோஸ் கலர்ல கறை. கேட்டா ஈறுல லேசா ரத்தம் வர்றது நார்மலாம்.

அன்னைக்கு ராத்திரி ஒரே எச்சி ஒழுகல், வாந்தி. அந்த தைலம்தான். யூகலிப்டஸ் தைலம் இங்க வீட்டுக்கு வீடு இருக்கு, சளி புடிச்சா நாமளே தேய்ச்சுக்கறோம், ஆனா நாய் உடம்புல தேய்ச்சா அது நக்கும், வயித்துக்குள்ள போனா அதுக்கு வெஷம். டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான். "நீலகிரி ஸ்பெஷல்"னு போர்டுல எழுதி வச்சு இத விக்கறாங்க பாருங்க! குளிப்பாட்டுனதும் ஒழுங்கா காய வைக்கல. ஸ்பிட்ஸ்க்கு ரெண்டு அடுக்கு முடி, மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அடி முடி ஈரம். குன்னூர் மழையில குளுர்ல ஈரம் அப்படியே நின்னு காதுக்குப் பின்னாடி தோல் செவந்து புண்ணாயிருச்சு. இதெல்லாம் கூட ஆறிருச்சுங்க. பல்லு கதைதான் பெருசு.

கொஞ்ச நாள் போனதும் ரோஸி ஒரு பக்கத்துப் பல்லால மட்டும் மென்னு சாப்பிட ஆரம்பிச்சா, பிஸ்கட்ட வாயில வாங்கி கீழ போடுவா. அப்புறம் ஒரு நாள் காலைல பாத்தா வலது கண்ணுக்குக் கீழ புடைச்சிருக்கு. பூச்சி ஏதோ கடிச்சிருக்கும்னு எங்க மாமியார் சொன்னாங்க. ஆனா வீக்கம் கொறையவே இல்ல. மேட்டுப்பாளையம் எறங்கி கோயமுத்தூர்ல பல் எக்ஸ்ரே இருக்கற ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனோம், பர்லியார் வளைவு பூரா மடியிலயே வச்சிட்டு.

அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேவ கம்ப்யூட்டர்ல காட்டி வெளக்குனாங்க. நாய்க்கு மொத்தம் 42 பல்லு. மேல்தாடைல எலும்பு கடிக்கற அந்தப் பெரிய பல்லுக்கு மூணு வேர், அந்த வேர் நுனில சீழ் கட்டுனா வீக்கம் வாயில தெரியாது, கண்ணுக்குக் கீழதான் புடைக்குமாம். ரோஸிக்கு அந்தப் பல்லச் சுத்தி எலும்பே கரைஞ்சு போயிருக்கு. இது ஸ்பாவுல வந்த வியாதியா மேடம்னு கேட்டேன். இல்லம்மா, இது ரொம்ப மாசமா உள்ள இருந்திருக்கும், அவங்க செஞ்சது என்னன்னா இருந்த ஒரே அடையாளத்தயும் சொரண்டி எடுத்துட்டாங்க, நாத்தமும் கொறஞ்சதால நீங்களும் சரியாயிருச்சுன்னு இருந்துட்டீங்கன்னாங்க. எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுது.

அவங்க சொன்னத அப்படியே எழுதறேன், உங்களுக்கும் உதவும். பல்லு மேல ஒட்டற அழுக்கு ரெண்டு மூணு நாள்லயே கல்லு மாதிரி காரையா எறுகிடும், அதுக்கப்புறம் பிரஷ் போட்டாலும் போகாது. ஆனா பல்ல ஆட வைக்கறது கண்ணுக்குத் தெரியற காரை இல்ல, ஈறுக்கு அடில இருக்கற அழுக்கு. முழிச்சிட்டு இருக்கற நாய் ஈறுக்கு அடில கம்பி விட்டா சும்மா இருக்குமா? அதனால வெளில தெரியற பக்கத்த மட்டும் கைல சொரண்டறாங்க, உள் பக்கம் நாக்கு ஓரம்லாம் தொடறதே இல்ல. சொரண்டிட்டு பாலிஷ் போடலன்னா பல்லுல கீறல் நின்னு அழுக்கு முன்ன விட வேகமா ஒட்டும். நடுவுல நாய் தலைய ஆட்டுனா ஈறு கிழியும், ரோஸிக்கு ரெண்டு எடத்துல கிழிஞ்சிருந்துச்சு. அமெரிக்கால வெட்டரினரி டென்டல் காலேஜ்னு பல் டாக்டர்களுக்கான அமைப்பே இருக்கு, அவங்களும் இந்த மயக்கமில்லாத கிளீனிங் வேணாம்னுதான் சொல்றாங்களாம்.

மயக்கம்னா பயம் எல்லாருக்கும் இருக்கும், அத வச்சுத்தான் இவங்க பொழப்பே ஓடுது. கோயமுத்தூர்ல மொதல்ல ரத்தம் எடுத்து கிட்னி லிவர் பாத்தாங்க, ராத்திரி சாப்பாடு குடுக்க வேணாம்னாங்க, மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு மயக்க கேஸ் குடுத்தாங்க. அந்த டியூப் இருக்கறதாலதான் கிளீன் பண்ற தண்ணியும் காரைத் துண்டும் நுரையீரலுக்குப் போகாதுன்னு அப்பத்தான் எனக்கே தெரியும். ஒவ்வொரு பல்லா சுத்தி அளந்து, எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பல்ல புடுங்கி, மிச்சத்த கிளீன் பண்ணி பாலிஷ். பில்லு 12,000 தாண்டிருச்சு. கொடுத்த காசுக்கு வேல நடந்துச்சு, சாயங்காலமே எந்திரிச்சு வால ஆட்டிட்டா. டாக்டர் கையால பல் கிளீனிங் வேஸ்ட்டுன்னு நான் சொல்லவே இல்ல, தேவைப்பட்டா கட்டாயம் பண்ணுங்க.

ஸ்பாவுலயும் நகம் வெட்டறது, சிக்கெடுக்கறது, உண்ணி பாக்கறது இதெல்லாம் ஓகே, தேவையான வேலதான். ஃபேஷியல், நெயில் பாலிஷ், மசாஜ் எல்லாம் நமக்கு போட்டோ எடுக்கத்தான், நாய் அந்த பாலிஷயும் நக்கத்தான் போகுது.

பில்ல எடுத்துப் பாத்தா அந்த "டாக்டர் சார்" பேருக்கு நேரா குரூமர்னு போட்டிருக்கு. 1984ல வந்த இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பண்ண டாக்டர்தான் வைத்தியம் பாக்கணும், அதனால பல்லுல கை வைக்கறேங்கறவங்ககிட்ட மொதல்ல பதிவு நம்பர கேளுங்க. எக்ஸ்ரே இருக்கான்னு கேளுங்க. நாங்க கூட உக்காரலாமான்னும் கேளுங்க, மூஞ்சி மாறுனா கெளம்பிடுங்க.

வீட்ல இப்ப தினமும் வெரல்ல மாட்டற பிரஷ், நாய்க்குன்னு விக்கற பேஸ்ட். நம்ம பேஸ்ட் வேணவே வேணாம், சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும், நாய் உயிருக்கே ஆபத்து. மொதல்ல கடிக்க வந்தா, இப்ப பேஸ்ட் டேஸ்ட்டுக்காகவே வாய காட்டறா.

ஸ்பாவுக்கு போன் பண்ணி எக்ஸ்ரேவ அனுப்புனேன். "நீங்கதான் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே மேடம், நாய் ஆட்டுனா நாங்க என்ன பண்றது, வேணா அடுத்த குளியல் ஃப்ரீயா பண்ணித் தரோம்"னாங்க. குளியல் வேணாம் பணத்த குடுங்கன்னேன், அதுக்கப்புறம் போனே எடுக்கல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிவு பண்ணிட்டேன், பில்லு, அவங்களே அனுப்புன போட்டோ, எக்ஸ்ரே எல்லாம் சேத்து வச்சிருக்கேன். இதே மாதிரி பேக்கேஜ்ல ஏமாந்தவங்க இருந்தா பில்ல தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து போலாம்.