கிலோ காசு, பாராட்டு, வைராக்கியம், சொந்த நோட்டு: வேலையில் மனம் ஊன்ற எது உதவும்?

நீலகிரியில் தேயிலை சீசன் நாட்களில் யாருக்கும் ஊக்கம் குறைவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து வந்து குவியும், லாரி நிற்க இடமிருக்காது, சலிப்பதற்கு நேரமே கிடைக்காது. டிசம்பர், ஜனவரிதான் சோதனை. தாழ்வான தோட்டங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். வரத்து குறையும், இயந்திரம் பாதி நாள் சும்மா கிடக்கும். ‘எதற்கு இந்த வேலை’ என்ற எண்ணம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கும் ஸ்டோரும் பார்ப்பவன் நான். இந்த எண்ணத்துக்கு மருந்தாக எங்கள் பக்கம் நான்கு வழிகள் சொல்வார்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலாவது, கிலோ காசு. அன்றைக்கு இவ்வளவு என்று வைத்த எடைக்கு மேல் பறித்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் பணம். இதன் பெரிய பலம் அதன் நேர்மை. உழைத்தது அன்றைக்கே கணக்கில் தெரியும், யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டாம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய அக்காவுக்கு இதைவிட நல்ல ஊக்கம் இல்லை. ஆனால் எடைக்குக் காசு என்றால் எடைதான் கூடும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்ற கணக்கு தளர்ந்து, முற்றிய இலையும் சேர்ந்து வரும். இன்னொன்று, கொழுந்தே இல்லாத மாதத்தில் இந்த ஊக்கமும் இருக்காது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதிர் விளையாடிய மாணவர்களில் ஒரு பிரிவினருக்குப் பணம் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் அவர்களிடம் குறைந்துபோனது. இதைக் காட்டிக் கூலியைக் குறைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது பிடித்துப்போய் ஆடிய புதிர், இது வயிற்றுப்பாடு. கூலி முதலில் சரியாக இருக்க வேண்டும், மனம் ஊன்றுவதைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, மேலாளரின் பாராட்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது கட்டாயம் தேவை. செய்தது சரியா தவறா என்றே தெரியாத நாட்களில் ‘நல்லா பண்ணியிருக்கே’ என்ற ஒரு சொல் பெரிய பிடிமானம். ஆனால் மேலாளர் மாறுவார், அவருக்கும் மனக்கஷ்டம் வரும், மறந்தும் போவார். நம் ஆர்வத்தின் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டு வைப்பது சரியில்லை. பாராட்டைவிட வலுவாக வேலை செய்வது, நம் வேலையால் பயன் பெறும் மனிதரைப் பார்ப்பது. கல்வி உதவித்தொகைக்காக ஃபோனில் நிதி திரட்டுபவர்களை வைத்து ஆடம் கிராண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்தும் முன்பைவிட அதிக நேரம் பேசினார்கள், அதிக நிதியும் திரட்டினார்கள். எங்கள் தூள் குன்னூர் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விடுகிறது. அதைக் குடிப்பவரை நாங்கள் பார்ப்பதே இல்லை. எங்கள் தொழிலில் இது ஒரு பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, வைராக்கியம். ‘இனிமேல் தினமும் உற்சாகமாக இருப்பேன்’ என்று ஜனவரி முதல் தேதி எடுக்கும் சபதம். இது பொங்கல் வரை வந்தால் பெரிது. அதையே ‘காலை டீ முடிந்து உட்கார்ந்ததும் முதலில் இலை ரசீதுகளைச் சரிபார்ப்பேன்’ என்று நேரத்தோடும் செயலோடும் முடிச்சுப் போட்டால் நிற்கும்.

நான்காவது, சொந்த நோட்டு. ஃபேக்டரியில் தூள் தயாராவதைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் அண்ணனிடம் பார்த்தது. வாட வைக்கும் தொட்டியிலிருந்து இறக்கிய கொழுந்து, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் அரைபட்டு வரும்போது தூள் பச்சையாக இருக்கும். பிறகு காற்றுப் பட்டுப் பட்டு மெல்லச் செம்பு நிறத்துக்குத் திரும்பும். அவர் நடுநடுவே ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோவார்.

“ட்ரையருக்கு ஏன் இன்னும் விடலை அண்ணா?”

“பச்சை வாசம் போகலை தம்பி. கொஞ்சம் பொறு.”

அன்று இலை ஈரமாக வந்ததா, எத்தனை மணி நேரம் வாடியது, எப்போது வாசம் திரும்பியது, கோப்பையில் சாறு எப்படி இறங்கியது என்று கோடு போட்ட நோட்டில் எழுதுவார். ஃபேக்டரி ரெஜிஸ்டர் தனியாக உண்டு, இந்த நோட்டை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கவனிக்க வேண்டிய விஷயம், மற்றவர்கள் சோர்ந்துபோகும் டிசம்பரில்தான் அவர் நோட்டில் பக்கங்கள் அதிகம் நிரம்பும். குளிரில் தூள் திரும்பத் தாமதமாகும், பனிக்காலத் தேயிலைக்கென்று தனி மணம் உண்டு, தினமும் ஏதாவது புதிதாகப் பிடிபடும். வரத்து குறைந்தால் கிலோ காசு குறையும், பாராட்ட ஆளிருக்காது, ஆனால் நோட்டுக்கு விஷயம் கூடுகிறது.

இந்த வழியைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பழனி மலைக்குப் போகலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஒரு நாள் படம் அதிகம் பேசாது. ஆண்டுக்கணக்கில் அடுக்கிப் பார்த்தால் சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும் இங்கேதான். இன்று அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

நான்கில் எனக்கு நோட்டுதான் முதலிடம். சீசனும் மேலாளரும் மாறினாலும் அது நம் கையிலேயே இருக்கிறது. ஆனால் ‘உன் ஊக்கம் உன் பொறுப்பு’ என்பதை முதலாளிகள் ஆயுதமாக எடுக்கக் கூடாது. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் சிறு விவசாயி எவ்வளவு உற்சாகமாக இருந்தும் பயனில்லை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-ல் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. உலகம் டிஜிட்டலுக்கு மாறியபோது ஃபிலிமுக்குத் தேவையே போய்விட்டது. அங்கே வேலை செய்தவர்களின் ஆர்வத்தால் அதைத் தடுத்திருக்க முடியாது. கூலி, பாதுகாப்பு, மரியாதை மூன்றும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டும், தேவைப்பட்டால் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும்.

கடன் கழுத்தை நெரிக்கிறதா, கிலோ காசையே பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை பழகும் காலமா, மேலாளரிடம் கூச்சப்படாமல் ‘நான் செய்தது சரியா’ என்று கேளுங்கள். இரண்டும் ஓரளவு அமைந்தும் மனம் ஒட்டவில்லை என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இன்று என்ன வித்தியாசமாக இருந்தது, நாளை எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு வரி போதும். ஒரு சீசனும் ஒரு பனிக்காலமும் எழுதிய பிறகும் அந்த வேலை உங்களை இழுக்கவில்லையென்றால், நோட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். எதில் மனம் போகிறது, எதில் போகவில்லை என்று அதில் தேதியோடு எழுதியிருப்பதால், மேலாளராலும் ‘சும்மா சொல்றே’ என்று தட்டிக்கழிக்க முடியாது.