அம்பை 16 நெல் விதை: கார் பட்டத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கார் பட்டத்தில், அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய பருவத்தில், நெல் போடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குண்டு ரகம் சொல்வது கடினம். ஆனால் நாற்று வயதில் மட்டும் இந்த நெல் இளக்கம் காட்டாது.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலப்பினம் செய்து 1986-ல் வெளியிட்ட ரகம் இது. வயது 110 முதல் 115 நாள். காருக்குப் பிந்தைய பிசானப் பருவத்தில் போடும் பழைய நெல் பல, பகல் குறுகினால்தான் கதிர் தள்ளும். ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தின் வழியில் வந்த இந்த நெல் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. விதைத்த நாளிலிருந்து கணக்கு ஓடும். கடைசி 30 நாள் மணி முற்றுவதற்கு, அதற்கு முந்தைய 35 நாள் கதிர் உருவாகிப் பூப்பதற்கு. தூர் கட்ட, அதாவது அடியில் பக்கக் கிளைகள் விட, மிஞ்சுவது சுமார் 45 நாள். அதில் பாதி நாற்றங்காலிலேயே கழிந்துவிடும்.

அதனால் 18 முதல் 22 நாள் நாற்றையே நட வேண்டும். அணை திறக்கும், கால்வாயில் தண்ணீர் வரும் என்று காத்து 35 நாள் நாற்றை நட்டால், வேர் பிடித்துத் தூர் வெடிக்கும் முன்பே தாய்ப்பயிரில் கதிர் உருவாகத் தொடங்கும். பிறகு வயலில் ஒரு பக்கம் பால் பிடிக்கும், ஒரு பக்கம் அப்போதுதான் பூக்கும். அறுக்கும்போது பச்சை நெல் கலந்து வரும். கலப்பு விதை கொடுத்துவிட்டார்கள் என்று விதையைக் குறை சொல்வது பெரும்பாலும் இதனால்தான். தண்ணீர் நிச்சயமில்லாத கடைமடைக்காரர்கள் விதைக்கும் நாளையே ஒரு வாரம் தள்ளுவது நல்லது.

சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் வேண்டும். ஏக்கருக்கு 24 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை நீக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கலந்த நீரில் இரவு முழுக்க ஊறட்டும்.

நடவு 15-க்கு 10 சென்டிமீட்டர், குத்துக்கு இரண்டு மூன்று நாற்று. தழைச்சத்து ஏக்கருக்கு 48 கிலோ, நான்கு சம பங்காக: அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. இரண்டாவது பங்கு தாமதித்தால் அந்தத் தூர் திரும்பக் கிடைக்காது. பூக்கும் நாட்களில் காலை 9 மணியிலிருந்து நண்பகல் வரை மருந்து அடிக்க வேண்டாம். பூ விரியும் நேரம் அது.

அரிசி குட்டை, பருமன். இட்லிக்கும் புழுங்கலுக்கும் அருமை. சன்ன அரிசிச் சோறு கேட்பவர்களுக்கு ஒத்துவராது. தன்மகரந்தப் பயிர் என்பதால் சொந்த விதை எடுத்து வைக்கலாம். அதற்கு ஒதுக்கிய பாத்தியில் மற்றவற்றுக்கு முந்திப் பூப்பதையும், உயர்ந்து நிற்பதையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.