லைக்கா எம் கேமராவுக்கு அகலக்கோண லென்ஸ்: 28 மி.மீ.யா, 21 மி.மீ.யா?

லைக்கா எம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை) வைத்திருப்பவர்கள் 35 மி.மீ.க்கும் அகலமாக ஒரு லென்ஸ் தேடத் தொடங்கினால், பெரும்பாலும் 28 மி.மீ.யா 21 மி.மீ.யா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். முன்னதன் காட்சிக்கோணம் ஏறக்குறைய 75 பாகை; பின்னது 90 பாகையைத் தொடுகிறது. இந்த லென்ஸ்களில் எதை எடுத்தாலும் துல்லியத்துக்குக் குறைவில்லை என்பதால், துல்லியத்தை வைத்து முடிவெடுப்பது வீண் வேலை. கண் வைக்கும் வியூஃபைண்டரும், லென்ஸுக்குப் பின்னால் இருப்பது ஃபிலிமா சென்சாரா என்பதும்தான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வியூஃபைண்டர். 1954இல் வந்த எம்3 கேமராவில் 50, 90, 135 மி.மீ. சட்டகங்கள் (படத்தில் எதுவரை விழும் என்று காட்டும் கோடுகள்) மட்டுமே உண்டு. 28 மி.மீ. சட்டகம் எம்4-பி மாடலில்தான் சேர்ந்தது; 0.72 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட எம்6 கேமராவில் அது 90 மி.மீ. சட்டகத்துடன் சேர்ந்து தோன்றும். எனவே இந்தக் கேமராக்களில் 28 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், ஃபோகஸ் செய்வதும் காட்சியை அமைப்பதும் ஒரே சாளரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சட்டகம் சாளரத்தின் விளிம்பை ஒட்டி இருப்பதால், மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு நான்கு பக்கமும் ஒருசேரத் தெரியாது. கண்ணை இடமும் வலமுமாக நகர்த்தித்தான் ஓரங்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணிபவர் ஒருவர் 28 மி.மீ. வாங்குவதற்கு முன் கேமராவை வெறுமனே கண்ணில் வைத்து, சட்டக நெம்புகோலைத் தள்ளி அந்தக் கோடுகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. லென்ஸ் கையில் இல்லாமலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

21 மி.மீ.க்கு லைக்காவின் உள் வியூஃபைண்டரில் இடமே இல்லை. மேலே உள்ள பொருத்துமுனையில் தனி வியூஃபைண்டர் ஒன்றைச் செருக வேண்டும். உள்ளே பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு மேலே கண்ணை உயர்த்திச் சட்டகம் அமைப்பது கேட்பதற்கு இரட்டை வேலையாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது அவ்வளவு தொல்லை தருவதில்லை. காரணம், 21 மி.மீ.யில் ஃபோகஸை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றத் தேவையில்லை. ஒரு புள்ளி எவ்வளவு பரவினாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் என்பதற்கு ஃபிலிமுக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.03 மி.மீ. வரம்பை வைத்துக் கணக்கிட்டால், எஃப் 8 அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை அளவு) சுமார் 1.9 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினாலே ஏறக்குறைய 95 செ.மீ.யிலிருந்து முடிவிலி வரை தெளிவாக விழும். அதே எஃப் 8இல் 28 மி.மீ.க்கு 3.3 மீட்டரில் நிறுத்த வேண்டும். தெளிவு சுமார் 1.65 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். நெரிசலான தெருவில் இந்த வேறுபாடு பெரிது. 60 மெகாபிக்சல் கொண்ட டிஜிட்டல் எம்11இல் இந்தக் கணக்கு தளர்வானது என்பதால், ஒரு படியாவது கூடுதலாக அபெர்ச்சரை மூடிக்கொள்ள வேண்டும்.

தனி வியூஃபைண்டரின் உண்மையான குறை வேறு. அது லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால், ஒரு மீட்டருக்குள் உள்ள பொருளை எடுக்கும்போது நாம் பார்த்ததும் படத்தில் விழுவதும் ஒத்துப்போகாது. 21 மி.மீ.யின் அழகே முன்புறத்தில் மிக அருகில் ஒரு பொருளை வைத்துப் பின்னால் ஆழத்தைக் காட்டுவதில் இருப்பதால், இந்தக் குறை சரியாக வலிக்கும் இடத்தில் வலிக்கிறது. ஃபிலிம் பயன்படுத்துபவர்களுக்கு 2006இல் வந்த ஃபோக்ட்லெண்டர் பெஸ்ஸா ஆர்4 ஒரு மாற்று: 0.52 மடங்கு வியூஃபைண்டரில் 21 மி.மீ. சட்டகமே உள்ளே இருக்கிறது. அதன் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் (தூரம் அளக்கும் இரு சாளரங்களுக்கு இடையிலான தொலைவு) குறுகியதுதான், ஆனால் அகலக்கோணத்துக்கு அது போதும். உற்பத்தி நின்றுவிட்டதால் பழையதாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது சென்சார். ரேஞ்ச்ஃபைண்டரில், எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருப்பதுபோல் லென்ஸுக்குப் பின்னால் ஆடிப் பெட்டி கிடையாது. லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 27.8 மி.மீ. மட்டுமே. ஆகவே லென்ஸின் பின்கண்ணாடியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோய், முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமச்சீராக வடிவமைக்கலாம். நேர்கோடு நேர்கோடாகவே விழும். ஸைஸ் சி பயோகான் 21 மி.மீ. எஃப் 4.5 இந்த மரபின் தூய வாரிசு. தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபத்தை அதில் எடுத்தால் ஓரத்துத் தூணில்கூட வளைவு கண்ணுக்குப் படாது. ஆனால் அத்தகைய வடிவமைப்பில் ஒளி மூலைகளில் மிகச் சாய்வாக இறங்குகிறது. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும்; எம்9 போன்ற டிஜிட்டல் கேமராக்களில் ஓரங்களில் ஊதா கலந்த சிவப்புச் சாயல் படர்கிறது. கறுப்பு-வெள்ளையில் எடுப்பவருக்கு அது பொருட்டல்ல. பழைய ஷ்னைடர் சூப்பர் அங்குலான் 21 மி.மீ. எஃப் 3.4இன் பின்கண்ணாடியோ உள்ளே இன்னும் ஆழமாக நீள்வதால், எம்6இன் ஒளிமானியே அதனுடன் அளக்க முடியாமல் போகும்.

ஆகவே 21 மி.மீ.யில் என் பரிந்துரை இரண்டாகப் பிரிகிறது. ஃபிலிமிலும் கறுப்பு-வெள்ளையிலும் சி பயோகான். வண்ண டிஜிட்டலுக்கு ஃபோக்ட்லெண்டர் கலர்-ஸ்கோபார் 21 மி.மீ. எஃப் 3.5. பின்னது சென்சாரையும் மனத்தில் வைத்து வந்த புதிய வடிவமைப்பு. சிறியது, விலையும் தாங்கக்கூடியது. அதே பெயரில் உள்ள பழைய எஃப் 4 லென்ஸ் இன்னும் சிறியது, ஆனால் டிஜிட்டலில் அதற்கும் ஓரச் சாயல் சிக்கல் உண்டு.

28 மி.மீ.யில் சிக்கல் இவ்வளவு இல்லை. லைக்கா சம்மிக்ரான் எஃப் 2 வெளிச்சம் குறைந்த இடங்களுக்கு ஏற்றது. ஆனால் பருமனானது, அதன் ஒளிமறைப்பு (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) வியூஃபைண்டரின் கீழ் வலது மூலையைக் கடித்துவிடும். ஸைஸ் பயோகான் எஃப் 2.8இன் அபெர்ச்சர் வளையம் மூன்றில் ஒரு படிக்கு ஒருமுறை சொடுக்கும்; ஃபோகஸுக்குச் சிறு மேடு ஒன்றுதான் இருக்கும். 2006இல் வந்த லைக்கா எல்மரிட் எஃப் 2.8 ஆஸ்ஃபெரிக்கல் சுமார் 180 கிராம் எடைதான். அதன் அடியில் உள்ள விரல்பிடி எந்த நிலையில் நிற்கிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணிக்க விரல் பழகிவிடும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரும் முன்பே ஃபோகஸ் முடிந்திருக்கும். நியூயார்க் தெருக்களில் லைக்காவும் 28 மி.மீ.யுமாக வேலை செய்த புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்டின் வேகத்தை விரும்புபவர்களுக்கு இந்த வசதிதான் முக்கியம். ஒரே ஒரு அகலக்கோண லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நான் எல்மரிட்டைத்தான் சொல்வேன். பணம் இடிக்குமானால் ஃபோக்ட்லெண்டர் அல்ட்ரான் எஃப் 2.

21 மி.மீ. பக்கம் சாய்பவர்கள் தனி வியூஃபைண்டரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கு வாங்குபவர்கள், கடையிலேயே தங்கள் கேமராவில் அந்த லென்ஸைப் பொருத்தி, சீரான வெளிச்சம் விழும் ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 8இல் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் திரையில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரு ஓரங்களிலும் வெவ்வேறு சாயல் தெரிந்தால், வண்ணப் படங்களுக்கு அந்த லென்ஸை எடுக்க வேண்டாம்.