நிலைக்கதவுக்கு மெருகேற்றும் பட்டறை: எங்கள் அனுபவம்

கும்பகோணத்தை அடுத்த எங்கள் பூர்விக ஓட்டு வீட்டின் தேக்கு நிலைக்கதவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கப்பட்ட எனாமல் பெயிண்டுக்குள் புதைந்து கிடந்ததால், வாசலைச் சீரமைக்கும் பொறுப்பை உள்ளூர்த் தச்சுப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம். ஒன்பது நாள் வேலைக்கு 28,000 ரூபாய் ஆயிற்று.

வெப்பக்காற்றுக் கருவியால் பெயிண்டை இளக்கி, செதுக்கு வேலைப்பாடுள்ள இடங்களில் மழுங்கிய உளியும் பித்தளைத் தூரிகையும் மட்டுமே கொண்டு பொறுமையாகச் சுரண்டி, உப்புத்தாளால் மூன்று சுற்று தேய்த்த பின், மேற்சட்டத்துக் கஜலட்சுமியின் இருபுறமும் நின்ற யானைகளுக்குத் துதிக்கை நுனிவரை உருவம் திரும்பியது. (என் தாயார் அவற்றை இதுநாள்வரை மாங்காய்கள் என்றே நினைத்திருந்தார்.)

வெளிக்கதவுக்கு அரக்கு பாலிஷ் பூசியதுதான் பெரும் குறை. ஈரம் பட்டால் அரக்குப் பூச்சு வெளுத்துவிடும் என்பது தச்சர்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி அடைமழையில், சாரல் நேரே அடிக்கும் எங்கள் கிழக்கு வாசல் கதவு, முழங்கால் உயரத்துக்குப் பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போனது. இருமுறை இழுத்தடித்த பிறகே வந்து, அதைச் சுரண்டிவிட்டு, ஈரம் தாங்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு அடித்துத் தந்தார்கள். பொருட்செலவில் பாதியை எங்கள் தலையில் கட்டினார்கள்.

திண்ணையின் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிக்கலாம் என்ற அவர்களது யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே அது பளபளக்கிறது. விளக்கு மாடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்ததோடு சரி.

எந்தப் பூச்சு என்பதை முன்பணம் தரும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கொல்லைக் கதவையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறேன், இம்முறை எழுத்துமூலமாக.