"போர்டு போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: பயணத்தில் நின்றுபோகும் சின்ன கேமராக்கள்

பயணத்தின் நடுவில் லென்ஸை வெளியே நீட்டியபடி கேமரா நின்றுவிடுகிறது. திரையில் "லென்ஸ் எரர்" என்று வரும், பீப் அடிக்கும், அணைந்துவிடும். மறுநாள் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் ரிப்பேர் கடைக்குள் போகிறார்கள். கவுன்டரில் இருப்பவர் ஒரு தடவை ஆன் செய்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, லென்ஸ் யூனிட்டும் மாத்தணும்" என்கிறார். போர்டு என்பது கேமராவை இயக்கும் மின்சுற்றுப் பலகை. சாயங்காலம் கேமரா ஓடுகிறது, பணம் கைமாறுகிறது. ஊர் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் எல்லாப் படத்திலும் இடது ஓரம் மங்கியிருப்பது தெரிகிறது. அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் காணோம். பழைய போர்டைக் கேட்டிருந்தால், "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்ற பதில்தான் வந்திருக்கும். போர்டு மாற்றப்படவே இல்லை. லென்ஸ் வளையத்தில் சிக்கிய ஒரு மணல் துகளை எடுத்ததற்கு போர்டின் விலையை வாங்கியிருக்கிறார்கள்.

இந்த ஏமாற்று ஊருக்கு ஊர் ஒரே மாதிரி நடப்பதால்தான் இந்தப் பதிவு. கடைக்குள் நுழையும் முன் கால் மணி நேரம் ஒதுக்கினால், பழுது எங்கே என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனை: படம் பார்க்கும் பிளே பட்டனை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் இந்தப் பட்டன் லென்ஸை அசைக்காமலே கேமராவை ஆன் செய்யும். பழைய படங்கள் திரையில் வந்து, மெனுவும் திறந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. எரர் என்று எழுதிக் காட்டுவதே அந்த போர்டுதான். கேனனின் பழைய பவர்ஷாட்களில் வந்த இ18, சோனியின் இ:61:00 என்ற எரர் குறியீடுகள், மற்ற பிராண்டுகளில் வரும் "ஸூம் எரர்" எல்லாமே லென்ஸ் நகர வேண்டிய இடத்துக்கு நகரவில்லை என்பதைத்தான் சொல்கின்றன.

ஏன் நகரவில்லை? இந்த லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு மூன்று குழல்கள்தான். ஒரு குட்டி மோட்டாரும் மெல்லிய பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் அவற்றைத் தள்ளுகின்றன. குழல்களுக்கு நடுவில் இருப்பது முடி அளவு இடைவெளி. கடற்கரையில் ஒரு துகள் அதில் புகுந்தால் போதும், சிக்கிக்கொள்ளும். பைக்குள் பவர் பட்டன் அழுந்தி, துணியை எதிர்த்து லென்ஸ் வெளியே வர முயன்றால் பல்சக்கரத்தின் பல் தேயும். நீட்டிய நிலையில் கீழே விழுந்தால், குழலை வழிநடத்தும் சின்ன ஊசி தன் பள்ளத்திலிருந்து விலகி, வளையம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் வந்தும் லென்ஸ் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பல் தேய்ந்திருக்கிறது. கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் மணல். சத்தமே இல்லையென்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். லென்ஸைத் தள்ளும் அந்த நொடியில் தேவைப்படும் மின்சாரம் அதிகம். திரையை எரிய வைக்கத் தெம்பிருக்கும் பேட்டரிக்கு லென்ஸைத் தள்ளத் தெம்பு இல்லாமல் போகலாம்.

மணல் என்று தோன்றினால் செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கையால் அழுத்தி ஊதும் ரப்பர் ப்ளோயரால் வளைய இடுக்குகளைச் சுற்றிலும் ஊதுங்கள். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம், அதன் வேகம் துகளை உள்ளே தள்ளிவிடும், சில நேரம் திரவமும் பீய்ச்சும். அடுத்து, மெல்லிய தாளைச் சிறு பட்டையாக வெட்டி, இடுக்கில் லேசாக நுழைத்து ஒரு முழுச் சுற்று நகர்த்துங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, லென்ஸ் கீழே பார்த்தபடியே ஆன் செய்யுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் முயல வேண்டாம், ஒவ்வொரு முயற்சியும் பல்லைத் தேய்க்கும். எண்ணெய் விடவே விடாதீர்கள். அது பரவி ஷட்டர் தகடுகளில் ஒட்டினால் சின்னப் பழுது பெரும் பழுதாகிவிடும். சாய்ந்த வளையத்தை விரலால் அழுத்திச் சரிசெய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கேமராவை இழந்தாலும் பரவாயில்லை என்ற கட்டத்தில்தான் அதைச் செய்ய வேண்டும்.

ஸ்க்ரூவைக் கழற்றி நீங்களே திறக்க வேண்டாம். ஃப்ளாஷுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது ஷாக் அடிக்கும்.

கேமரா அடியோடு ஆன் ஆகவில்லை என்றால் கடைக்காரருக்கு வேலை இன்னும் சுலபம், "மதர்போர்டு" என்று சொல்லிவிடலாம். அதற்கு முன் பேட்டரிக் கதவைப் பாருங்கள். பல மாடல்களில் கதவின் உட்பக்கத்தில் அரிசி அளவு பிளாஸ்டிக் நீட்சி ஒன்று இருக்கும். கதவை மூடும்போது அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். அது ஒடிந்துபோனால் கதவு திறந்திருப்பதாகவே கேமரா நினைத்துக்கொள்ளும், உயிரே வராது. கதவை மாற்றினால் முடிகிற வேலை இது. பேட்டரியின் உலோக முனைகளில் கறை படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகளை ஊதிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறதா? உள்ளே இருக்கும் சின்ன பேக்கப் பேட்டரி இறங்கியிருக்கும். பல மாடல்களில் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டால் அது தானே ஏறிக்கொள்ளும். இதற்கும் போர்டு விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

வீங்கிய பேட்டரி அறைக்குள் சிக்கியிருந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் விட்டு நெம்பாதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கலாம்.

அடுத்தது கார்டு. பயணிகள் மனம் உடைந்துபோவது இங்கேதான், ஏனென்றால் போவது படங்கள். "கார்டு கரப்ட், படமெல்லாம் போயிடுச்சு, ரெக்கவரிக்குத் தனி சார்ஜ்" என்பார்கள். அழித்த படங்களும் கேமராவில் ஃபார்மேட் செய்த படங்களும் பெரும்பாலும் உடனே மறைந்துவிடுவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழிகிறது, புதிதாக எதையாவது எழுதும்வரை படங்கள் அங்கேயே கிடக்கும். ஆகவே பிரச்சினை தெரிந்த அந்த நிமிடமே கார்டை வெளியே எடுங்கள், அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். கணினி கிடைத்ததும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். கடையில் கொடுக்கும் கேமராவில் கார்டு இருக்கவே கூடாது. படங்களைப் பிரதி எடுப்பதும் நடக்கிறது, நல்ல கார்டை எடுத்துக்கொண்டு மட்டமானதைச் செருகித் தருவதும் நடக்கிறது.

"கார்டு லாக்" என்று வந்தால் கார்டின் பக்கவாட்டில் மேலும் கீழும் தள்ளும் சின்ன லாக் பொத்தானைப் பாருங்கள். அது கழன்று விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் சின்ன டேப் துண்டு ஒட்டினால் போதும். பழைய கேமராவில் புதுக் கார்டு ஏறவில்லை என்றால் கார்டின் வகையையும் அளவையும் கவனியுங்கள்: எஸ்டி 2 ஜிபி வரை, எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய மாடல்களுக்குக் கடைசி வகையைப் படிக்கத் தெரியாது. வழியில் மலிவாக வாங்கும் கார்டுகளில் போலி அதிகம். மேலே 128 என்று அச்சிட்டு உள்ளே 8 மட்டும் இருக்கும். அந்த 8 நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் சேமித்தது போலவே காட்டும், திறந்தால் வராது. கிளம்பும் முன்பே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீரில் நனைந்த கேமராவுக்கு "காய வெச்சுட்டோம், ஓடுது" என்று பணம் வாங்குவதுதான் மிக மோசமானது. காய்ந்தது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. போர்டைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவாவிட்டால் சில வாரங்களில் அரித்துவிடும். கழுவினீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். நனைந்த உடனே உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது பேட்டரியை உருவுவது. ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் கேமராவைக் கொல்கிறது. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவும் தூசும்தான் இடுக்கில் சேரும்.

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போகும்போது, அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திறங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் படியாது. பைக்குள் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அல்லது கெட்டியான உறை போடுங்கள். மணல் பறக்கும் இடத்தில் படம் பார்க்க பிளே பட்டன் மட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கடைதான் கதி என்றால், கொடுக்கும் முன் சீரியல் எண்ணையும் ஸ்க்ரூக்களையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: என்ன பாகம் மாற்றப் போகிறார்கள், அதிகபட்சம் எவ்வளவு, பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்கள் என்பது. திறந்து பார்க்கவே கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் கேமராவை விடாதீர்கள். வாரண்டி மீதம் இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே விடாதீர்கள்.

வாங்கும்போது கவுன்டரிலேயே சோதியுங்கள். பத்து முறை ஆன், ஆஃப். ஒவ்வொரு முறையும் ஸூமைக் கடைசிவரை கொண்டுபோய்த் திருப்புங்கள். ஃப்ளாஷ் அடியுங்கள், சத்தத்தோடு சின்ன வீடியோ எடுத்துக் கேளுங்கள். பிறகு செங்கல் சுவர் போன்ற சமதளத்தை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள். பழுதாகும் முன் எடுத்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டி, சரிசெய்து தரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.