க்ளே பூக்கள் நான்கு மழைக்காலம் தாங்கினவா?

களிமண் போலப் பிசையும் மாவில் செய்த எந்த க்ளே பூவும் செய்து முடித்த அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அதன் தரம் ஐப்பசியில் தெரியும். சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் அடைமழை பிடித்ததும், அலமாரியில் நிமிர்ந்து நின்ற ரோஜா தலை தொங்கும். இதழைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். வெள்ளை மல்லிகையின் காம்போரம் துருக்கறை எட்டிப் பார்க்கும். நான்கு மழைக்காலம் கடந்த பூக்களை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய குறிப்பு இது. சுற்றிவரும் செய்முறைகளில் பல, காற்றில் ஈரம் குறைந்த ஊர்களுக்கானவை. அந்த அளவுகளை அப்படியே எடுத்தால் கடற்கரைக்குச் சரிப்படாது.

பார்த்தவை மூன்று வகை: வீட்டில் ஃபெவிகாலும் கார்ன்ஃப்ளோரும் சேர்த்துக் கிளறும் கோல்ட் போர்சலைன் (சூளையில் சுடத் தேவையில்லாத, பீங்கான் போலக் காயும் மாவு), பாக்கெட்டில் வரும் தாய்லாந்து வகையான தாய் க்ளே, பஞ்சு மாதிரி லேசான ஃபோம் க்ளே. காற்றிலேயே காயும், மண் கலந்த வெள்ளை ஏர்-ட்ரை க்ளேயும் கடையில் உண்டு. ஆனால் மெல்லிய இதழ் அதில் பொட்டென்று உடையும். பூந்தொட்டி செய்ய வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக் கலவையில் இருந்து தொடங்குவோம். வெள்ளைப் பசை 1 கப், கார்ன்ஃப்ளோர் 1 கப். மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு உதவாது. தொட்டால் நறநறக்கும் வெள்ளை ஸ்டார்ச்தான் வேண்டும். எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், சோடியம் பென்சோயேட் அரை டீஸ்பூன். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் புளிப்பு இல்லாத இடத்தில் பென்சோயேட் பூஞ்சையைத் தடுக்காது. வழக்கமாக 2 டேபிள்ஸ்பூன் கிளிசரின் சேர்ப்பார்கள். இங்கேதான் சிக்கல். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வறண்ட ஊரில் அது இதழை வெடிக்காமல் காக்கும், கடற்கரையில் மழைக்காலம் முழுக்கப் பூவைக் காயவிடாது. 1 டீஸ்பூன் கிளிசரினோடு நிறுத்திக்கொண்டு, மீதி மென்மைக்கு 1 டேபிள்ஸ்பூன் பேபி ஆயில் விட்டவை நிமிர்ந்தே நிற்கின்றன. முழு அளவு கிளிசரின் போட்டவை முதல் மழைக்கே சாய்ந்தன.

அடி கனத்த நான்ஸ்டிக் கடாய், அடுப்பைச் சிம்மில் வைத்து, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். 60 டிகிரி தாண்டியதும் ஸ்டார்ச் உப்பத் தொடங்கும். முதலில் இட்லி மாவு போல, பிறகு தயிர் திரிந்தது போலக் கட்டி கட்டியாக, அதன்பின் ஒரே பந்தாகச் சுருண்டு ஓரத்தை விடும். அல்வா பதம் என்று கை பழகியவர்கள் ஒரு படி முன்னாலேயே இறக்கிவிட வேண்டும்: வெளியே திரண்டு, நடுவில் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போது. மைக்ரோவேவ் என்றால் 30 வினாடி, கிளறல், மறுபடி 30 வினாடி. மூன்று முதல் ஐந்து சுற்று. கையில் கோல்ட் கிரீம் தடவிக்கொண்டு சூட்டோடு சப்பாத்தி மாவு போலப் பிசைய வேண்டும். ஆறியபின் க்ளிங் ராப் சுற்றி ஒரு நாள் விட வேண்டும். சூட்டோடு சுற்றினால் உள்ளே வேர்த்து மேல்தோல் கொழகொழத்துப் போகும்.

மறுநாள் ஒரு துண்டை இரு கையால் இழுத்துப் பாருங்கள். மெல்லிதாக நீண்டு கூராக அறுந்தால் பதம் சரி. படக்கென்று முறிந்தால் வெந்தது அதிகம். பசை கொஞ்சம் விட்டுப் பிசைந்தாலும் முழுதாகத் திரும்பாது, தண்டுக்கும் காய்க்கும் ஒதுக்கிவிடலாம். கையில் ஒட்டினால் வேக்காடு போதவில்லை. இன்னும் 15 வினாடி சூடு காட்டினால் சரியாகும்.

நிறத்தில் இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. காயும்போது நிறம் அடர்ந்துவிடும். வெள்ளை எதுவும் சேர்க்காத மாவு மெழுகுவத்தி போலக் கண்ணாடித்தன்மை பெறும். மல்லிகை செய்கிறவர்கள் இதில்தான் முதலில் சறுக்குகிறார்கள்: ஈரத்தில் பால்வெள்ளையாக இருந்த மொட்டு மூன்று நாளில் கஞ்சி நிறத்துக்குப் போய்விடும். எலுமிச்சம்பழ அளவு மாவுக்குப் பட்டாணி அளவு வெள்ளை ஆயில் கலர் முதலில் போட்டுவிட்டு, மற்ற நிறத்தைக் கடுகளவு கடுகளவாகச் சேர்க்க வேண்டும். நினைத்ததைவிட இரண்டு படி வெளிறலாக நிறுத்தினால் காய்ந்தபின் சரியாக வரும். போஸ்டர் கலர் தண்ணீரைக் கொண்டுவந்து சுருக்கத்தைக் கூட்டும். கேசரி பவுடரும் கேக் கலரும் ஜன்னல் வெளிச்சத்தில் சில மாதத்தில் வெளுத்துப் போகும். நான்கு வருடம் இருக்க வேண்டிய பூவுக்கு அவை வேண்டாம்.

சுருக்கம் சுமார் 10 முதல் 15 சதவீதம். அச்சு வாங்கும்போதே ஒரு அளவு பெரிதாக வாங்குவது நல்லது. ரோஜாவில் இந்தச் சுருக்கம்தான் வேலை காட்டும். தடித்த 18 கேஜ் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, பசை தொட்டு, 2.5 சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணீர்த்துளி வடிவ மொக்கு செருகி, அதை இரண்டு நாள் முழுசாகக் காயவிட வேண்டும். அவசரத்தில் ஈர மொக்கின் மேல் இதழ் சுற்றினால், பிறகு உள்ளே இருப்பது சுருங்கி, பூ கம்பியில் கழன்று சுற்றும். 4 சென்டிமீட்டர் இதழ்: முதல் இதழ் மொக்கின் நுனி தெரியாமல் முழுக்க மூட வேண்டும், அடுத்த வரிசை 3, பிறகு 5, மறுபடி 5. இதழின் நடுப்பகுதி 1 மில்லிமீட்டர் இருக்கட்டும்; ஓரத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்து, குண்டுமுனைக் கருவியால் பாதி ஓரத்திலும் பாதி கையிலும் படும்படி அழுத்தி மெலிக்க வேண்டும். கருவி இல்லையென்றால் கண்ணாடிக் கோலி போதும். வெளி வரிசை இதழ்களைச் சாப்பாட்டுக் கரண்டியின் குழியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் கிண்ண வடிவம் நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே அரை மணி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் இதழ்கள் தங்கள் பாரத்திலேயே விரிந்து ரோஜா முட்டைக்கோஸாகிவிடும்.

இலைக்குத் தனி அச்சு வாங்கும் செலவு வீண். உண்மையான ரோஜா இலையின் பின்பக்கத்தில் டால்கம் பவுடர் தடவி அழுத்தினால் எந்த சிலிக்கோன் அச்சும் அதற்கு ஈடாகாது.

குண்டுமல்லி இதைவிடச் சுலபம். பாதிக் கொண்டைக்கடலை அளவு உருண்டை, ஒரு பக்கம் மட்டும் உருட்டிக் குழல், மெல்லிய 26 கேஜ் கம்பி, நுனியில் ஊசியால் மூன்று சுழல் கீறல். குழலின் அடியில் துளி இளம்பச்சைப் பொடி தொடாவிட்டால் செயற்கை என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். சரமாகக் கட்டித் தலையில் வைக்கத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் படும் அந்த இடத்தில் வீட்டுக் கலவை நாலைந்து விசேஷம் கூடத் தாண்டவில்லை. தாய் க்ளே சரம் மட்டுமே வடிவம் மாறாமல் இருக்கிறது, அதுவும் ஈரம் துடைத்து டப்பாவில் வைத்தால்.

துருக்கறைக்குக் காரணம் கம்பி. மாவில் ஈரமும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்திருக்கிறது. சாதா இரும்புக் கம்பி வாரத்திலேயே துருப்பிடிக்கும், வெள்ளை இதழில் அந்தக் காவி ஊறினால் போகாது. பேப்பர் சுற்றிய கம்பியிலும் வெட்டிய முனை இரும்புதான். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வாங்கி, வெட்டிய முனையை நெயில் பாலிஷில் முக்கிக் காயவைத்துச் செருகிய பூக்களில் கறை இல்லை.

காயவைக்க மின்விசிறியும் வெயிலும் கூடாது. மேல்தோல் முந்திக் காய்ந்து இழுக்க, உள் ஈரம் பிந்தி வெளியேற, ஓரத்தில் வெடிப்பு விழும். கோடையில் இரண்டு நாள், கார்த்திகையில் ஐந்து நாள் கூட ஆகலாம். காய்ந்ததா என்று கை சொல்லும் தீர்ப்பை நம்பாமல் சமையலறைத் தராசில் தினம் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் ஒரே எடை காட்டினால்தான் வார்னிஷ். அதற்கு முன் அடித்தால் ஈரம் உள்ளே சிறைபட்டு, இதழுக்குள் வெண்மூட்டமும் சில நேரம் கரும்பூஞ்சையும் வரும். தண்ணீர் கலந்த வார்னிஷைத் தூரிகையால் தடவுவது மேல்தோலை மறுபடி ஊறவைக்கும் வேலை. மேட் அக்ரிலிக் ஸ்ப்ரே, 30 சென்டிமீட்டர் தள்ளி, மெல்லிதாக இரண்டு தடவை போதும். மழை நாளில் அடித்தால் படலம் வெளுத்துவிடும். பளபளப்பு வகை அடித்தால் ரோஜா பிளாஸ்டிக் ரோஜாவாகிவிடும், அதற்குக் கடையிலேயே வாங்கியிருக்கலாம்.

பூச்சிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இது அடிப்படையில் மாவுப்பண்டம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வார்னிஷ் படாத இடத்தைத் தேடிப்பிடித்துச் சுரண்டும், முக்கியமாகப் புல்லிவட்டத்தின் அடிப்பக்கத்தை. அங்கே ஸ்ப்ரே படும்படி பூவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு சுற்று அடிக்க வேண்டும். பூஜையறையில் வைத்தவை எல்லாவற்றிலும் மோசமாக ஆயின: விளக்கெண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் தூசியோடு ஒட்டினால் கழுவவும் முடியாது, துடைக்கவும் முடியாது. திறந்த அலமாரியில் இருப்பதை வாரம் ஒருமுறை மேக்கப் பிரஷ்ஷால் தட்டி, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் ஊதிவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருப்பவை செய்த நாள் போலவே இருக்கின்றன.

தாய் க்ளே விலை கூடுதல், ஆனால் காய்ந்தபின்னும் இதழ் ரப்பர் போல லேசாக வளையும். பிரித்த பாக்கெட் சீக்கிரம் இறுகுவதுதான் தொல்லை. க்ளிங் ராப் சுற்றி, ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில், பஞ்சு மாவைத் தொடாமல் வைக்க வேண்டும். ஃபோம் க்ளே அவ்வளவாகச் சுருங்காது, கனமில்லாததால் மாலைத் தோரணத்துக்கும் பெரிய தாமரைக்கும் பொருந்தும். ஓரம் மெலியாது, விரல் பட்ட இடம் பஞ்சாக இழுபடும், வெள்ளை நிறம் இரண்டாம் வருடத்தில் மஞ்சளிக்கத் தொடங்கியது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் தாய் க்ளே, இலை, தண்டு, மொக்குக்கு வீட்டுக் கலவை என்று பிரித்துச் செய்தால் செலவும் பாதியாகும், ஈரத்தில் சாயும் பாகமும் குறையும். இரண்டையும் ஒட்டும்போது மட்டும் வீட்டுக் கலவைப் பாகம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும்; அதன் மேல்தான் தாய் க்ளே இதழை ஈரமாக ஒட்ட வேண்டும்.