பத்மினியின் முன் சஸ்பென்ஷன்: பழைய கிங் பின்னா, பால் ஜாயின்ட்டா?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கினால் 40. சேலம் டவுனுக்குள் மட்டும் ஓடும்போது தெரியாத முன்சக்கர ஆட்டம் பிரீமியர் பத்மினியில் இந்தப் பாதையில் தெரிந்துவிடும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, அல்லது நேர்ச்சாலையில் வண்டி அலையும். பட்டறைக்குப் போனால் இரண்டு யோசனை சொல்வார்கள்: கிங் பின்னை (முன்சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் இரும்புத் தண்டு) மாற்றிப் பழையபடியே கட்டுவது, அல்லது அதற்குப் பதில் வேறு காரின் பால் ஜாயின்ட் (குண்டு வடிவ மூட்டு) செட்டைப் பொருத்துவது.

எதையும் கழற்றும் முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். கீழ் ஆர்முக்கு (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. மிதித்தும் ஆடினால் கிங் பின் அல்லது ஆர்ம் முனைகள். பேரிங்கை இறுக்கினால் போதும் என்ற வண்டிக்கு கிங் பின் செட் வாங்கிச் செலவழித்தவர்கள் நிறைய.

கிங் பின் வேலையின் தரம் லேத்தில்தான் இருக்கிறது. பின் சுழலும் உறையான கன்மெட்டல் புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் கிரீஸ் துளை, கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் துளைக்கு நேராக வர வேண்டும். அரை துளை மறைந்தாலும் கிரீஸ் சரியாக ஏறாது, சில மாதத்தில் புஷ் தின்றுவிடும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் நீளமான ஒரே ரீமரில் (துளையை அளவுக்குக் கடையும் கருவி) ஒரே நேர்கோட்டில் ரீமிங் செய்யும் கடையைத் தேடுங்கள். தனித்தனியே ரீமிங் செய்தால் இரண்டு துளையும் கோணலாகி பின் இறுகும். பின் தன் எடையில் தொப்பென்று விழவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது. எண்ணெய் தடவி கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கி இறங்க வேண்டும். இறுக்கமாக விட்டுவிட்டால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாமல் நிற்கும். வண்டி எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பால் ஜாயின்ட் செட்டுக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டாம், உதிரி எளிதில் கிடைக்கும். ஆனால் ஆர்ம் நீளமும் டை ராடின் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நீளமும் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டியரிங் கையில் துள்ளும். வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விட்டால் மலைப்பாதையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை ஓடும் பழைய வண்டிக்கு கிங் பின்தான் சரி. கிரீஸ் அடிக்கும்போது மட்டும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள். எடை தாங்கிய நிலையில் அடித்தால், எடை ஏறும் பக்கத்துக்கே கிரீஸ் போகாது.

ஆர்ம் புஷ்ஷில் ரப்பரா, பாலியூரித்தேனா? சேலம்–ஏற்காடு ஓட்டத்துக்கு நல்ல ரப்பரே போதும். பாலியூரித்தேன் வளைவில் உறுதியாக நிற்கும், ஆனால் குழி அதிர்வு நேராக பாடிக்கு வரும். சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் கீச்சிடும். ரப்பர் போடுபவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்குவது. தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கம். இல்லையெனில் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும்.

ஷாக் அப்சார்பரில் காஸ் நிரப்பியதை வாங்கினால் பலன் உண்டு, ஆனால் அது உடைந்த சாலையில்தான் தெரியும். உள்ளே எண்ணெய் நுரைக்காது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எண்ணெய் ஷாக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இராது. காயில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், பள்ளத்தில் ஆர்ம் பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டை) மோதும். இரண்டு ஸ்பிரிங்கின் உயரத்தையும் கழற்றி அளந்து, வித்தியாசம் இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்பிரிங் தொல்லை இல்லை, முன்னால் டார்ஷன் பார்தான் (முறுங்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் நீளத் தண்டு). கழற்றும்போது இடது, வலது என்று குறித்துவையுங்கள். ஓடிப் பழகிய பாரைப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது.

எல்லாம் கட்டியபின் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) பார்த்து ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் அமர்ந்திருக்கும், அப்போது மறுபடி பாருங்கள். ஹப்பை மூடும் முன் சூடு தாங்கும் கிரீஸ் போடுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது டிரம் கொதிக்கும். மலிவான கிரீஸ் உருகி பிரேக் ஷூவில் ஒழுகினால், புதிய சஸ்பென்ஷன் எதற்கும் உதவாது.